ஏற்காட்டில் கடல் தெரியும் அறை

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் கிளம்பினால் கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு. சுமார் 30 கிலோமீட்டர். காலையில் பைக்கை முறுக்கினால், ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, இருட்டுமுன் வீடு வந்து சேருகிற தூரம். அந்த மலையில் ஒரு ராத்திரி தங்க அறை பிடிக்கப்போய் 48,600 ரூபாயைத் தொலைத்தவன் நான்.

சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டு ஏமாந்தவனுக்காவது ஊரில் ஒரு கெத்து உண்டு. துணி காயப்போடும்போது கண்ணில் படுகிற மலையில் ஏமாந்தவனை என்னவென்று சொல்வது? வங்கியில் அதற்கு ஒரு பெயர் தயாராக வைத்திருந்தார்கள். 'கவனக்குறைவான வாடிக்கையாளர்.'

நடந்தது இதுதான். மே மாதம், கோடை விழா நெருக்கம். சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. தெரிந்த லாட்ஜ்களில் எல்லாம் "ரூம் இல்லீங்க" என்றுவிட்டார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனில் தேடினேன். முதல் வரியிலேயே ஒரு காட்டேஜ். தலைமாட்டில் பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தது. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சத்தை மறைத்து எழுதுவார்களே, அந்த மாதிரி ஏதோ ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

40 சதவீதம் தள்ளுபடி. 'இன்னும் 2 அறைகளே உள்ளன.' 'உங்களுடன் 17 பேர் இதே அறையைப் பார்க்கிறார்கள்.' ரேஷன் கடை வரிசையில் வளர்ந்த உடம்பு. பதினேழு பேரையும் முந்திவிட வேண்டும் என்று பதறியது. முன்பணம்கூடக் கேட்கவில்லை. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க ஒரே ஒரு ரூபாயாம். கார்டு எண், காலாவதி மாதம், முதுகுப் பக்கத்து மூன்று எண், எல்லாவற்றையும் கொடுத்தேன். வட்டம் சுற்றியது. 'மீண்டும் முயலவும்' என்றது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

11.42. 11.43. 11.45. மூன்று குறுஞ்செய்தி. மூன்றும் டாலரில், பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு கடைக்கு. ஓடிபி கேட்கவில்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

அம்மாவுக்கு 79 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிகிறது. போனை வாங்கி அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவர் கேட்டார்: "ஏன்டா கண்ணு, ஏற்காட்டுல ஏதுடா கடலு?"

வாங்கிப் பார்த்தேன். 'டீலக்ஸ் அறை, கடல் தெரியும் பால்கனியுடன்.' கோவாவுக்குப் பின்னிய வலையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எங்கள் மலைமேல் விரித்திருக்கிறான். கடலைச் சுருட்டி எடுக்க மறந்துவிட்டான். முப்பது வருஷம் ஊரார் கணக்கைத் தணிக்கை செய்தவன் நான். அரை ரூபாய் இடித்தால் கண்டுபிடிப்பேன். 1,500 மீட்டர் உயரத்தில் கிடந்த கடலைக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த முட்டாள்தனம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அதன் விலையும் முழுக்க என்னுடையதுதான் என்று ஒரு ஊரே கூடிச் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

வங்கியின் இலவச எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, ஒன்பதை அழுத்து. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது குரல். காத்திருந்த நேரத்தில் எனக்குத் தனிநபர் கடன் தரத் தயாராக இருப்பதாகவும் சொன்னது. களவு போன வீட்டுக்காரனிடம் வட்டிக்கு விடுகிற ஆளை எங்கள் ஊரில் வாசலோடு அனுப்பிவிடுவோம். இங்கே அவர்தான் வாசலே.

கார்டை முடக்கிவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார், புகார் எண் வந்தது; அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்நாட்டுக் கணக்குகளில் கை மாறிக்கொண்டிருக்கிற பணத்தை வழியிலேயே மறிப்பதற்காக 2021-ல் செய்த ஏற்பாடு அது. என் பணம் நான் தூங்கும்போதே கடல் தாண்டிவிட்டது. ஏற்காட்டில் இல்லாத அந்தக் கடலை.

பத்து மணிக்கு வங்கிக் கிளை. சின்னப் பையன், நல்ல பிள்ளை. ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: 'உங்கள் கார்டு விவரங்களை யாருடனாவது பகிர்ந்துகொண்டீர்களா? ஆம் / இல்லை.'

"இல்லைன்னு போடட்டுமா தம்பி?"

"வெப்சைட்ல டைப் பண்ணீங்கல்ல சார்?"

"பண்ணுனேன்."

"அப்ப 'ஆம்' சார். ஆம்னா கவனக்குறைவுல வந்துரும்."

"நம்பரை டைப் பண்ணாம நெட்ல எப்படித் தம்பி காசு கட்டுறது?"

கொஞ்சம் யோசித்தார். "அது கட்டும்போது சார். இது போனப்புறம்."

அவர் தலைக்கு மேலேயே ஒரு சுவரொட்டி. கடற்கரையில் குதிக்கிற ஒரு குடும்பம். 'எங்கள் கார்டில் சுற்றுலா பதிவு செய்யுங்கள், 10 சதவீதம் கேஷ்பேக்.' அதே பதினாறு எண், அதே மூன்று எண், அதே கட்டைவிரல். அறை கிடைத்திருந்தால் நான் டிஜிட்டல் இந்தியாவின் பெருமைக்குரிய குடிமகன். கிடைக்காததால் விவரத்தைப் 'பகிர்ந்த' குற்றவாளி.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு ஒரு பைசா பொறுப்பில்லை. சொன்ன பத்து வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் தற்காலிகமாகவாவது திருப்பி வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கிற சுமை வங்கியின் தலையில். படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது, யாரோ நம்மை மனுஷனாக நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று. அதற்குள் ஒரு மூலையில் இன்னொரு வரி: வாடிக்கையாளரின் கவனக்குறைவால், உதாரணமாக விவரத்தைப் பகிர்ந்ததால், நேர்ந்த நஷ்டமென்றால், அவர் புகார் செய்கிற நிமிஷம்வரை போனது அவர் பாடு. மாளிகை கட்டி, பக்கத்திலேயே ஒரு ஆள் நுழைகிற ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். வங்கிகள் எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போகவர இருக்கின்றன. நிரூபிக்கிற சுமையை எப்படித் தூக்குகிறார்கள் தெரியுமா? ஒரு 'ஆம்' மேல் என்னையே டிக் அடிக்கச் சொல்கிறார்கள்.

ஓடிபி ஏன் வரவில்லை என்று கிளையில் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "இன்டர்நேஷனல் மெர்ச்சன்ட் சார்" என்றார், ஏதோ என் ஜாதகத்தில் சனி இருக்கிற மாதிரி. இந்தியக் கடையில் நெட் வழியாகக் கார்டு போட்டால் இரண்டாவது பூட்டு கட்டாயம் என்று 2009-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடல் தாண்டிய கடைக்கு அந்தப் பூட்டு கிடையாது. வெளிநாட்டுக் கதவைப் புதுக் கார்டில் மூடியே வைத்துக் கொடுங்கள், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்று 2020-ல் இன்னொரு உத்தரவு. என் கதவை, மகன் வெளிநாட்டுப் பரீட்சைக்குப் பணம் கட்டத் திறந்தான். மூடவில்லை. திறக்கிற அன்று எனக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. 'ஒரு வருஷமாகத் திறந்தே கிடக்கிறதே, மூடட்டுமா?' என்று எவரும் கேட்கவில்லை. கடைசியாக 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டு, அந்த வெளிநாட்டுக் கதவுக்கும் இரண்டாவது பூட்டு போடும் வசதியை 2026 அக்டோபர் 1-க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கார்டு கொடுப்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. எப்போது பூட்ட வேண்டும்? வெளிநாட்டுக் கடையோ அதன் வங்கியோ கேட்டால். 2009-லிருந்து 2026, பதினேழு வருஷம். ஒரு பூட்டுக்கு. அதையும் எதிராளி கேட்டால்தான் பூட்டுவோம்.

அன்று சாயங்காலம் மனசு சரியில்லாமல் மத்திய சிறை மதிலோரமாக நடந்து, வழக்கமான தள்ளுவண்டிக்குப் போனேன். சேலத்துக்காரனுக்குத் துக்கம் வந்தால் தட்டுவடை செட். அந்த அக்கா இரண்டு தட்டுவடைக்கு நடுவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் என்று வேகமாக அடுக்கிக்கொண்டே, நான் ஸ்கேன் செய்ததைப் பார்த்தும் தட்டைக் கையில் தரவில்லை.

"போட்டுட்டேன் கா."

"இருங்ணா, பொட்டி பேசட்டும்."

பெட்டி பேசியது. இத்தனை ரூபாய் வந்துவிட்டது என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. அதன் பிறகுதான் தட்டு என் கைக்கு வந்தது. முதல் கடியில் ஒரு தட்டுவடை நமுத்திருந்தது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேறு செட் போட்டுக் கொடுத்தார். "ஏன் நமுத்ததை வாயில் வைத்தீர்கள், அது உங்கள் கவனக்குறைவு" என்று படிவம் நீட்டவில்லை. ஒரு செட் தட்டுவடைக்கு அந்த அக்கா வைத்திருக்கிற காவலும் நியாயமும், குளிர்சாதனக் கட்டடத்தில் உட்கார்ந்து என் 48,600 ரூபாயைக் காக்கிறவர்களிடம் இல்லை. தூங்கிக்கொண்டிருக்கிற 61 வயதுக்காரன், மகனின் அந்தப் பரீட்சைக் கட்டணம் தவிர ஒரு தடவைகூட டாலரில் கடைக்குப் போகாதவன், நள்ளிரவில் மூன்று நிமிஷத்தில் மூன்று முறை வாங்குகிறான். எந்தப் பெட்டியும் பேசவில்லை.

ஆனால் பிறகு எல்லோரும் பேசினார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல்: விழிப்புணர்வு. மைத்துனர் சொன்னார், வாட்ஸ்அப் குரூப் சொன்னது, வங்கி அன்றே குறுஞ்செய்தி அனுப்பியது: 'விழிப்புடன் இருங்கள்.' கொஞ்ச நாள் முன்புவரை செத்த வீட்டுக்குத் தகவல் சொல்ல போன் போட்டாலும் முதலில் சைபர் குற்றப் பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. இந்த தேசத்தில் இலவசமாக, அளவில்லாமல், வரிசையில் நிற்காமல் கிடைக்கிற ஒரே பண்டம் விழிப்புணர்வுதான். சும்மாவா? பாதுகாப்பு வைக்கக் காசு செலவாகும். விழிப்புணர்வு கொடுக்க ஒரு போஸ்டர் போதும், அதோடு பொறுப்பும் நம் பக்கம் வந்து சேர்ந்துவிடும்.

2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஒரு எச்சரிக்கை விட்டது. யாத்ரீகர்களும் சுற்றுலாப் பயணிகளும் குறி வைக்கப்படுகிறார்கள். கேதார்நாத் ஹெலிகாப்டர், தங்கும் விடுதி, டாக்சி, விடுமுறைப் பேக்கேஜ் என்ற பெயரில் போலி இணையதளங்கள் நடக்கின்றன. அவை மக்களைப் பிடிப்பது சமூக ஊடகப் பக்கங்களாலும், தேடுபொறிகளில் காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களாலும். கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். காசு கொடுத்துப் போடும் விளம்பரம். அப்படியானால் காசு வாங்கினவர் ஒருவர் இருக்கிறார். ரசீது இருக்கிறது. திருட்டுக்குக் கன்னக்கோல் விற்றவனை எங்கள் பேட்டைப் போலீஸ், ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைக்கும். கன்னம் வைக்க வீட்டையே அடையாளம் காட்டி, தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினவருக்கு அந்த அறிவிப்பு என்ன சொன்னது? தகவல் பகிரப்படுகிறது. நமக்கு என்ன சொன்னது? முதலில் வருகிற இணைப்பை அழுத்துமுன் சரிபாருங்கள். தெரு விளக்கு எரியாது, பள்ளம் மூடாது, 'பார்த்துப் போ' என்று மட்டும் பலகை நட்டுவிட்டுப் போவார்கள் இல்லையா, நம் ஊர் நிர்வாகத்தின் அந்தப் பழைய கை இது. 2023-ல் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாகச் சுற்றிய போலி ரயில் டிக்கெட் செயலிக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அப்போதும் இதே பலகைதான்.

சரி, நான் விழிப்பாக இல்லை. விழிப்பாக இருந்தவர்கள்? அன்றைய அரசு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே, முகவரியைச் சரிபார்த்து, டிக்கெட் எடுத்தவர்கள்? 2021 மே மாதம் ஏர் இந்தியா ஒரு கடிதம் எழுதியது. அதற்குப் பயணிகள் சேவைக் கணினி நடத்திய சீட்டா நிறுவனத்தில் திருட்டு. உலகம் முழுக்கச் சுமார் 45 லட்சம் பயணிகள். 2011 ஆகஸ்டிலிருந்து 2021 பிப்ரவரிவரை கிட்டத்தட்டப் பத்து வருஷத் தகவல். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், டிக்கெட், கிரெடிட் கார்டு விவரம். முதுகுப் பக்கத்து மூன்று எண்ணான சி.வி.வி. மட்டும் அங்கே இல்லை, புண்ணியம். நிறுவனத்துக்கு முதல் தகவல் வந்தது பிப்ரவரி 25. பயணிகளுக்குக் கடிதம் எழுதியது மே. இடையில் மூன்று மாசம் 45 லட்சம் பேர் 'விழிப்புணர்வோடு' தூங்கினார்கள். கடிதத்தில் அறிவுரை: பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். பிறந்த தேதியை எந்த அலுவலகத்தில் மாற்றுவது என்று போடவில்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2018-ல் பணம் கட்டுகிற பக்கத்திலேயே உட்கார்ந்து கார்டு எண்ணையும் சி.வி.வி.யையும் அள்ளினார்கள். நான்கு லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் பாதிப்பு. அந்த ஊர்த் தகவல் ஆணையம் 18 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் போடப்போவதாக உறுமி, 2020-ல் 2 கோடி பவுண்டில் முடித்துக்கொண்டது. குறைத்தார்கள்தான். ஆனாலும் அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏறியது கம்பெனி. 'ஏன் எங்கள் தளத்தில் டைப் செய்தீர்கள்' என்று பயணியை ஏற்றவில்லை.

நமக்கும் சட்டம் வந்துவிட்டது என்றார் ஒரு வக்கீல் நண்பர். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். "பலே" என்றேன். அந்தப் பணம் யாருக்கு? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. தகவலைப் பறிகொடுத்தவனுக்கு? நண்பர் தொண்டையைச் செருமினார். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு. கவனக்குறைவான நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்வது. அந்தப் பிரிவை எடுத்துவிடச் சொல்கிற வரி இந்தப் புதுச் சட்டத்திலேயே இருக்கிறது. வேறொன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால், புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய்வரை அபராதம். வீடு எரிந்தவனுக்குத் தண்ணீர் இல்லை. சும்மா கூச்சல் போட்டால் தண்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாசம் அவகாசம். நிறுவனங்கள் சிரமப்பட்டுவிடக் கூடாதே.

இப்போது கார்டு பில் வந்திருக்கிறது. பழைய தொழில் புத்தி, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருடன் எடுத்தது 48,600. வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியதற்காக வங்கியின் மார்க்கப் கட்டணம் 3.5 சதவீதம், 1,701 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 306 ரூபாய் 18 காசு. நான் வாங்காத பொருளுக்கு, நான் போகாத கடைக்கு, என் தூக்கத்தில் நடந்த திருட்டுக்கு, வரி. இரண்டு அரசும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். தகராறில் இருக்கிற தொகையைக் கட்ட மாட்டேன் என்றதற்குத் தாமதக் கட்டணம். தாமதக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. விளம்பரம் போட்ட தேடுபொறிக்குக் கூலி, பணத்தைக் கடத்திவிட்ட கேட்வேக்குக் கமிஷன், கார்டு கம்பெனிக்குக் கமிஷன், வங்கிக்கு மார்க்கப், அரசுக்கு வரி. சிறை மதிலுக்கு உள்ளே இருக்கிற எந்தக் கொள்ளைக் கும்பலும் இவ்வளவு ஒழுங்காகப் பங்கு பிரித்திருக்காது. பைசா சுத்தமாகக் கணக்கு டாலி ஆகிறது. முப்பது வருஷத் தணிக்கையில் நான் பார்த்த மிகச் சுத்தமான கணக்கு இதுதான்.

தங்கை குடும்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஸ் ஏறி ஏற்காடு போய்ச் சாயங்காலமே இறங்கிவிட்டோம். மலையில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்த அம்மா, பள்ளத்தாக்கில் சேலம் ஊர் முழுக்கத் தெரிந்தபோது, "இதான் உன் கடலாடா" என்று கேட்டார். அங்கே நின்ற கூட்டமே சிரித்தது.

நான் புகார் கொடுத்து இன்றோடு 41 நாள். அந்தப் பக்கத்தின் முகவரி, படம், மூன்று குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் மூன்று இடத்தில் மூன்று பிரதி கொடுத்திருக்கிறேன். நேற்று ராத்திரி மறுபடி தேடிப் பார்த்தேன். ஏற்காட்டுக்கான பக்கம் காணாமல் போயிருக்கிறது. ஆடியில் வல்வில் ஓரி விழா வருகிறதல்லவா, இப்போது கொல்லிமலைக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் வரியிலேயே வருகிறது, மேலே 'ஸ்பான்சர்டு'. 60 சதவீதம் தள்ளுபடி. கடல் தெரியும் பால்கனி அப்படியே இருக்கிறது.